இருபத்தொரு காலைகள்

பெட்டியில் முப்பது என்ற எண் எரிகிறது. கைப் பயிற்சி கொடுக்கும் ஜெபசீலி மேடம் ஈரப் பஞ்சால் அம்மாவின் இடது காதைத் துடைக்கிறார், பெட்டி வயரின் முனையிலுள்ள கவ்வியை விரிக்கிறார், காதுத் துளைக்கு முன்னால் பாதி சாத்திய கதவு போல நிற்கும் சின்ன மேட்டில் அதை மாட்டுகிறார். காதின் கீழ் மடலில் இல்லை. தோடு போடும் இடத்தில் இல்லை. அந்த மேட்டில். தவறிப்போய் அங்கே மாட்டிவிட்டார், இதோ கழற்றிக் கீழே மாட்டுவார் என்று காத்திருக்கிறேன். அவர் கழற்றவில்லை. பொத்தானை அழுத்தி, எறும்பு ஊறுவது போல இருக்கிறதா என்று கேட்கிறார், அம்மா ஆமா என்கிறாள், அவர் அளவை ஒரு படி குறைத்துவிட்டு பிளாஸ்டிக் டம்ளர்களை மேஜைமேல் வரிசையாக வைக்கிறார். ஒரு நிமிடம் போய் எண் இருபத்தொன்பது ஆகிறது. இருபத்தொரு காலை, காலைக்கு அரை மணி நேரம், வீட்டில் நான் அதை மடலில் மாட்டினேன். இது புரிந்ததும் எனக்குள் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், ஏதாவது. ஒன்றும் ஆகவில்லை. சுவரில் இருக்கும் நரம்புப் படத்தைப் பார்க்கிறேன். அதிலுள்ள மனிதனுக்குத் தோல் கிடையாது, கழுத்திலிருந்து முகத்துக்கு மஞ்சள் நூல்கள் ஏறுகின்றன, படத்தின் கீழ்மூலை பிரிந்து மின்விசிறிக் காற்றில் சுவரை அடித்துக்கொண்டிருக்கிறது, அதை யாராவது ஒட்டலாம், ஒட்ட வேண்டும் என்று இந்த அறையில் எனக்கு மட்டும் தோன்றியிருக்கும், நானும் ஒட்ட மாட்டேன். அம்மா என்னைப் பார்க்கிறாள். வாயின் வலது ஓரம் இறங்கியிருப்பதால் அந்த முகத்தில் எது கோபம் எது வருத்தம் என்று, பக்கவாதம் வந்த இந்த நான்கு மாதமாக எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பார்க்கிறாள். டம்ளரைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்க்கவில்லை. என்னை.

இருபத்தேழு. ஆன்ட்டி, பிடிங்க, தூக்குங்க, இப்ப விடுங்க என்று மேடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மாவின் வலது கை டம்ளரைப் பிடிக்கும். விடாது. பிடிப்பது சுலபம், விடுவதுதான் மூளைக்கு வேலை என்று முதல் நாளே டாக்டர் சொன்னார். கோவில்பட்டியில் ஜவுளிக்கடை சேலைப் பிரிவில் பதினெட்டு வருடம் நின்ற கை அது. மடித்த சேலையின் ஒரு முனையைப் பிடித்து ஒரே உதறலில் மேஜை நீளத்துக்கு விரித்துவிடும், விரிந்த சேலைமேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டும், தொட்டுப் பாருங்கக்கா, தொட்டாத்தான் தெரியும் என்று வாய் சொல்லும். இப்போது அந்த விரல்கள் பச்சை டம்ளரைச் சுற்றி மூடிக் கிடக்கின்றன, மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார். என்ன ஆன்ட்டி, கடையில இவ்வளவு நேரம் விரிச்சா கஸ்டமர் எதிர்த்த கடைக்குப் போயிருவாங்கல்லா என்கிறார். அம்மா ஆமா என்கிறாள். அம்மாவிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் ஆமா. பால் பொங்கி வழிந்தபோது அடுப்பைக் காட்டி ஆமா ஆமா ஆமா என்று கத்தினாள். அவளுக்கு நாம் சொல்வதெல்லாம் விளங்குகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே சரியாகத்தான் இருக்கிறது, வெளியே வரும்போது எல்லாமே ஆமாவாக வருகிறது என்று டாக்டர் விளக்கினார். நான் தலையாட்டினேன். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். கல்லூரி அட்மிஷனுக்கு வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன பாடம் வேண்டும் என்று என்னைக் கேட்டார், அம்மா குனிந்து வாயை ஜன்னலுக்குள் விட்டு, இயற்பியல் சார், அவ வாயில கொழுக்கட்டை இருக்கு, முழுங்குனதும் சொல்லுவா என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. நிம்மதியாகவும் இருந்தது. எம்.எஸ்ஸி. முடிக்கும்வரை யார் என்ன கேட்டாலும் அம்மா வந்து குனிவாள் என்ற நிம்மதி.

இருபத்துநான்கு. எங்கே தவறினேன் என்று தேடுகிறேன், அது ஒன்றும் தொலைவில் இல்லை, இதே அறை, இதே நாற்காலி. மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஊசி இல்லை, கத்தி இல்லை. மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் ஒரு நரம்பின் கிளை காதில் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, அதை லேசான மின்சாரத்தால் தட்டிக்கொண்டே கைக்குப் பயிற்சி கொடுத்தால், அப்போது கற்பது மூளையில் நன்றாகப் பதியலாம். பதியலாம் என்றுதான் சொன்னார், பதியும் என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் முக்கியம், அதற்குள் வருவதுதான் பெரும்பாலும் வருவது என்றும் சொன்னார். மூன்று வாரம் வீட்டில் போடுங்கள், பார்ப்போம், கொஞ்சமாவது மாறினால் தொடரலாம், மாறாவிட்டால் வேறு ஒருவருக்குப் பயன்படட்டும் என்றார். அப்பா உடனே, பிள்ளை எம்.எஸ்ஸி. சார், ஒரு தடவை காட்டுனா போதும் என்றார். தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரியாக இருப்பவருக்கு யாரிடமும் ஒரு தடவைக்குமேல் காட்டிப் பழக்கமில்லை. ஜெபசீலி மேடம் காட்டினார். நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்றால், காதில் உலோகம் இருக்கக் கூடாது, தோட்டைக் கழற்றுங்கள் என்று அவர் சொன்னதும் அம்மா அழுதாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம், அம்மாவின் காது வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. திருகாணி தேய்ந்து ஆசாரியிடம் கொடுத்த அன்றுகூடத் துளையில் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டுதான் கடைக்குப் போனாள். புருசன் இருக்கும்போது மூளிக் காதோட நிப்பாளா ஒருத்தி என்பாள். அன்று அப்பா அவள் தோளைத் தட்டி, அரை மணி நேரந்தானளா, நான் இந்தா கல்லு மாதிரி நிக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அம்மா ஆமா ஆமா என்று அழுதுகொண்டிருந்தாள், நான் தோட்டைக் கையில் வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு கல்லில் ஒன்று மங்கியிருந்தது. திருகாணியின் புரியில் எண்ணெய் அழுக்கு. மேடத்தின் செருப்பில் இடது வார் தைக்கப்பட்டிருந்தது. இதெல்லாம் பார்த்தேன். நிமிர்ந்தபோது மேடம் கவ்வியைக் கழற்றிப் பெட்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். புரிஞ்சுதாமா என்றார். தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு அம்மாவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தேன். தோட்டைக் கழற்றி ஒரு காலித் தீப்பெட்டியில் வைத்தேன். எதைக் கழற்றச் சொன்னார்களோ அந்த இடத்தில்தானே மாட்டுவார்கள். எனக்கு அது யோசிக்கவேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. காதில் கவ்வுவது என்றால் மடல்தான், கம்மல் போடுவதும் அங்கேதான், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திருகுவதும் அங்கேதான். இன்னொன்றும் நினைத்தேன். கவ்வி சரியாகத் துளையை மறைத்தது. ஒரு தோட்டை எடுத்து இன்னொரு தோடு போட்டதுபோல இருந்தது. அம்மாவின் காது மூளியாக இல்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன். அளவை ஏற்றினேன், ஊறுதாம்மா என்றேன், ஆமா என்றாள். ஊறத்தான் செய்திருக்கும், மடலிலும் தோல்தானே. பிறகு இடது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலால் காதுத் துளைக்கு முன்னால் தொட்டு, ஆமா என்றாள். இன்னொரு தடவை தொட்டாள். ஆமா. அரை மணி நேரந்தான்மா, முடிஞ்சதும் தோட்டைப் போட்டுடுறேன் என்றேன். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

இருபத்தொன்று. அடுத்த நாளும் தொட்டாள். அதற்கு அடுத்த நாள் கவ்வியையே பிடித்து இழுத்தாள், நான் அவள் கையை விலக்கி மடியில் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதேம்மா என்றேன். அவளிடம் அந்தத் தொனியில் நான் பேசியதே இல்லை. பேச முடிகிறது என்பது எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. அந்த வாரம் முழுவதும் தொட்டாள். விரல் போகும் இடம் ஒவ்வொரு நாளும் ஒரே இடம், இம்மி பிசகாது, துணியில் இழை விட்ட இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டும் விரல் அது. நான் அதைக் கவனித்தேன். கவனிப்பதில் எனக்கு என்ன குறைச்சல். தோட்டைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கவனித்தேன். தோட்டைக் கேட்கிறவள் தோடு இருக்கும் இடத்தை அல்லவா தொடுவாள். வியாழக்கிழமை மேடம் போன் செய்து, கவ்வி நல்லா பிடிக்குதா, கூச்சம் தெரியுதா என்று கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன். ஹலோ ஹலோ என்றார். அப்பா வாங்கி, எல்லாம் கரெக்டா போயிட்டிருக்கு மேடம் என்றார். பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அம்மா தொடுவதை நிறுத்திவிட்டாள். கவ்வியை மாட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பழகிட்டா என்று அப்பாவிடம் சொன்னேன். பழகிட்டா. இந்த வார்த்தை இப்போது அறையில் எங்கோ விழுந்து கிடப்பதுபோல இருக்கிறது, யாராவது மிதித்துவிடுவார்களோ என்று தரையைப் பார்க்கிறேன். தரையில் நீல ரப்பர் பந்து ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான்.

பதினேழு. என் கையைக் கிள்ளிப் பார்க்கிறேன். தெரிகிறது, ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தெரிகிறது. நான்கு மாதமாக இப்படித்தான். எல்லோரும் பிள்ளை தைரியமா இருக்கா என்கிறார்கள். தைரியம் இல்லை இது. அன்று காலை அம்மா கடைக்குக் கிளம்பிச் சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கொசுவம் கையிலிருந்து நழுவியது. எடுத்தாள், மடித்தாள், நழுவியது. அம்மாவின் கையிலிருந்து துணி நழுவுகிறது, ஆச்சரியமாக இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்றாவது தடவையும் நழுவியது. அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோப்பையின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது, அதையும் பார்த்தேன். என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்திருப்பார். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்தேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அப்பா, உடனே தூக்கிட்டு வந்துட்டோம் சார் என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் நிற்கவில்லை என்று தோன்றுகிறது, அன்று ஆரம்பித்த தலை இன்றுவரை ஆடிக்கொண்டே இருக்கிறது.

பன்னிரண்டு. யாருக்கும் தெரியாது. இதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், எச்சில் விழுங்குவதுபோல. தெரிந்தவள் அம்மா ஒருத்தி, அவளால் சொல்ல முடியாது. இந்த எண் பூஜ்யமாகும், டாக்டர் வருவார், டம்ளர் விழாது, பெட்டி போகும். சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. அப்பா உச்சுக் கொட்டிவிட்டு நம்ம நேரம் என்பார். பெட்டிமேல் பழி, இல்லாவிட்டால் நேரத்தின்மேல். என்மேல் இல்லை. வெளியே பெஞ்சில் ஒரு பெண் காத்திருக்கிறாள், அவள் கணவருக்கும் என் அம்மாவைப் போலவே வலது பக்கம் விழுந்திருக்கிறது. சாத்தான்குளமாம். நாங்கள் உள்ளே வரும்போது, அவர் வாயோரத்தைத் துண்டால் ஒற்றிவிட்டுக்கொண்டே, உங்களுக்கு முடிஞ்சதும் எங்களுக்குத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க, அந்த மிசினு நல்லா கேக்குதா தங்கச்சி என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொன்னேன். தலையாட்டினேன். நான் வாயைத் திறந்தால் அவளுக்கும் தள்ளிப்போகும். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்கிறேன். அந்தக் காரணம் நிற்கவில்லை, சரிந்து விழுகிறது. ஆறு மாதத்தில் நான்கு போயிற்று. நான்கில் மூன்று வாரத்தை நான் தின்றுவிட்டேன். மீதி இரண்டு. இரண்டு மாதம் என்றால் அறுபது காலை. கணக்கு எனக்கு எப்போதும் வரும், சொல்லுவதுதான் வராது. மேடத்திடம் இப்போதே, தனியாக, மெதுவாகச் சொல்லலாம். மேடம் என்று கூப்பிட வேண்டும். மே என்று உதட்டைச் சேர்க்கிறேன். அவர் அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், தொந்தரவாக இருக்குமோ. ஆறு. ஐந்து. அம்மா இப்போது என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்க்கிறாள். நெற்றியில் வியர்வை துளிர்த்திருக்கிறது. முழு மனசோடு விரலை விரிக்கப் பார்க்கிறாள், அது விரிய மறுக்கிறது, மறுபடி பார்க்கிறாள். வீட்டில் இந்த மூன்று வாரமும் அவள் இப்படி முயன்று நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கையை என்னிடம் கொடுத்துவிடுவாள், பயனில்லாத வேலை என்று தெரிந்தவள் கொடுக்கிற கை. இன்று சரியான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது. ஒரே ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று வாரத்தையும் செய்துவிடப் பார்க்கிறாள்.

பெட்டி கீச்சென்று ஒலிக்கிறது. டாக்டர் வருகிறார், கையில் அட்டை, காதோரத்தில் பென்சில். ஐந்து டம்ளர், ஒரு நிமிடம். அம்மா முதல் டம்ளரைப் பிடிக்கிறாள், தூக்குகிறாள், மேஜையில் வரைந்த கட்டத்துக்குமேல் கொண்டுபோகிறாள். அங்கேயே நிற்கிறது. தோள் நடுங்குகிறது. சுட்டுவிரல் ஒரு நூலளவு அசைந்ததுபோல இருந்தது, நான் ஆசைப்பட்டதால் அப்படித் தெரிந்ததோ என்னவோ. டம்ளர் விழவில்லை. நிமிடம் முடிந்து டாக்டரே அதை உருவி எடுத்து, அட்டையில் எழுதுகிறார். வீட்டில் தினமும் போட்டீர்களா என்று கேட்கிறார். ஒரு நாள் விடல சார், இவதான் அஞ்சரைக்கே எந்திச்சுக் குளிச்சிட்டு, சாமிக்கு வெளக்கு வைக்கிற மாதிரி வச்சா என்கிறார் அப்பா. அம்மா ஆமா என்கிறாள். எனக்காகச் சொன்னாளா, வேறு சொல் இல்லாததால் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் தலையசைக்கிறார். சிலருக்கு இது பிடிப்பதில்லை, சாதாரணப் பயிற்சியைத் தொடருங்கள் என்கிறார். பிறகு என்னைப் பார்த்து, நீ வருத்தப்படாதம்மா, இதுல யார் மேலயும் தப்பில்ல என்கிறார்.

தலை ஆடத் தொடங்குகிறது. மோவாய் கீழே இறங்குவது எனக்கே தெரிகிறது. அதைப் பாதியில் நிறுத்துகிறேன்.

"இல்ல சார்."

யாருக்கும் கேட்கவில்லை. அப்பா பையை எடுத்துத் தோளில் போடுகிறார், மேடம் வயரைச் சுற்றுகிறார்.

"இல்ல சார். நான் மடல்ல மாட்டிட்டேன். இங்க." என் காதைப் பிடித்துக் காட்டுகிறேன். "இருபத்தொரு நாளும் இங்கதான்."

மேடத்தின் கை வயரோடு நிற்கிறது. அவர் திட்டவில்லை. மடல்லயா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு, சாதாரணக் குரலில் சொல்கிறார், பாடம் சொல்வதுபோல: "ஆராய்ச்சி பண்ணும்போது ஒப்பிட்டுப் பாக்க சில பேருக்கு நெசமா போடாம போட்ட மாதிரி காட்டணும்ல, அவங்களுக்கு அங்கதாம்மா மாட்டுவாங்க. அங்க போட்டா ஊறும், ஆனா மூளைக்கு ஒண்ணும் போகாது." அப்பா பையை இறக்கிவைக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் பேசிக்கொண்டே போகிறேன், என் குரல் இவ்வளவு நேரம் நீடித்து நான் கேட்டதில்லை.

"அம்மா காட்டுனா சார். தினமும் தொட்டுக் காட்டுனா. நான்தான் கையப் பிடிச்சு மடியில வச்சேன்."

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மேடம் அவள் முன்னால் குனிந்து, ஆன்ட்டி, இடம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா என்று கேட்கிறார். ஆமா, என்கிறாள் அம்மா. அறையில் ஒருவரும் அதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் அட்டையில் எழுதியதை ஒரு கோடு போட்டு அடிக்கிறார். வீட்டுக்குக் கொடுத்த பெட்டியைத் திங்கட்கிழமை முதல் அந்தச் சாத்தான்குளத்துக்காரருக்குத் தருவதாகச் சொல்லியாயிற்று, அதை மாற்ற முடியாது, இங்கேயே இருக்கும் இன்னொரு பெட்டியில் போடலாம், ஆனால் தினமும் வர வேண்டும், ஆறு வாரம். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஒன்றே கால் மணி நேரம், போக அவ்வளவு, வர அவ்வளவு. வந்தாலும் டம்ளரைக் கை விட்டுவிடும் என்று எழுதித் தர முடியாது என்கிறார். அப்பா என்னைப் பார்க்கிறார். வருவோம் சார் என்கிறேன். எத்தனை மணிக்கு என்று மேடம் கேட்கிறார், நானே ஒரு நேரம் சொல்கிறேன், அவர் எழுதிக்கொள்கிறார்.

கிளம்ப வேண்டும். அம்மாவின் வலது காலுக்குச் செருப்பு மாட்டுவதற்காகத் தரையில் மண்டியிட்டுக் குனிகிறேன். விரல்கள் மடங்கிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றாக நீட்டி வாருக்குள் விட வேண்டும். பெருவிரலை விட்டபோது உச்சந்தலையில் நச்சென்று ஒரு குட்டு விழுகிறது. இடது கை. பழக்கமில்லாத கை ஆனதால் விரல்கணு சரிந்து, வளையலும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. அப்பா, ஏளா, என்னது என்று பதறுகிறார். அம்மாவிடமிருந்து ஆமாகூட இல்லை. வலிக்கிறது. நான் தடவிக்கொள்ளவில்லை. அடுத்த விரலை எடுக்கிறேன்.